மிஞ்சியவற்றின் வரலாறு

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் வாலாஜாபாத், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், பாலாற்றுக்கு அருகில் உள்ள ஊர். கம்பெனி ஆட்சியில் படை முகாமாக இருந்தது. படை கிளம்பிப் போன பிறகும் தறிச் சத்தம் நிற்கவில்லை. இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் பேச்சில் உடனே வருவது இரண்டு இடங்கள்: ஒன்று, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரால் இயங்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை, மற்றொன்று, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். இந்த இடங்களில் கீமோதெரபி எடுத்துக்கொண்டவர்களின் வீடுகளில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப எழும். முதல் இரண்டு மூன்று ஊசிக்குக் கட்டி நன்றாகக் கரைந்தது, அப்புறம் மருந்து கேட்கவில்லை என்பார்கள். அதற்கு வழக்கமான விடைகளும் உண்டு: உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, மருந்தில் வீரியம் இல்லை, எல்லாம் விதி. ஆராய்ச்சி கண்ட விடை வேறு. கேட்காத செல் பெரும்பாலும் முதல் ஊசி ஏறுவதற்கு முன்பே கட்டிக்குள் இருக்கிறது. மருந்து மற்ற செல்களைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், அடுத்த புதிய மருந்துக்காகக் காத்திருப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது தெளிவாகும்: கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிப்பது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, இடைவெளி விடாமல் முடிப்பது. இந்தப் பாடத்தின் முக்கியமான பக்கங்கள் சென்னையில் எழுதப்பட்டவை. ஆகவே வாலாஜாபாத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு அதன் பலன் எட்டாமல் போனால், அறிவியல் போதவில்லை என்று யாரும் காரணம் சொல்ல முடியாது.

கதை சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. யெல்லாப்ரகத சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். அமெரிக்கா சென்று, ஹார்வர்டிலும் பிறகு லெடர்லே நிறுவனத்திலும் ஆராய்ச்சி செய்தார். செல் பிரிய வேண்டுமானால் டிஎன்ஏ உருவாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ஃபோலிக் அமிலம் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவரது குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், கடுமையான ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் அந்த முடிவுகள் வெளியாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத ஒரு நோய் முதன்முறையாகப் பின்வாங்கியிருந்தது. ஆனால் சில மாதங்களில் அது திரும்பி வந்தது. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் வந்தபோதும் அதுவே நடந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை, கீமோதெரபியின் வரலாறும் மருந்து எதிர்ப்பின் வரலாறும் ஒரே வார்டில் பிறந்தவை.

நோய் திரும்பியது ஏன் என்ற கேள்விக்கு அன்று இரண்டு விடைகள் இருந்தன. மருந்தோடு பழகப் பழகச் செல் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பது ஒன்று. தற்செயலான மரபணு மாற்றத்தால் சில செல்கள் முன்பே தப்பிக்கும் திறன் பெற்றிருந்தன என்பது மற்றொன்று. இரண்டில் எது சரி என்று பிரித்தறியும் சோதனையைப் பாக்டீரியாவை வைத்து 1943-இல் சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்துகாட்டியிருந்தார்கள். மருந்துக்குப் பொருத்திச் சொன்னால் அதன் தர்க்கம் எளிது, அழகானது. சில செல்களில் தொடங்கித் தனித்தனியே பல கூட்டங்களை வளர்த்து, எல்லாவற்றின் மேலும் ஒரே நாளில் மருந்தை விட வேண்டும். மருந்து பட்ட பிறகுதான் செல் மாறுகிறது என்றால், எல்லாக் கூட்டங்களிலும் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். மாற்றம் முன்பே தற்செயலாக நடந்திருந்தால், அது சீக்கிரம் நடந்த கூட்டத்தில் நூற்றுக்கணக்கில் தப்பும். தாமதமாக நடந்த கூட்டத்தில் ஒன்றிரண்டு தப்பும். சிலவற்றில் எதுவுமே தப்பாது. 1952-இல் லாயிட் லா இதே தர்க்கத்தை எலிகளின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களுக்குப் பொருத்தி, மெத்தோட்ரெக்ஸேட்டை எதிர்க்கும் செல்களின் எண்ணிக்கையைப் பார்த்தார். கூட்டத்துக்குக் கூட்டம் அது தாறுமாறாக வேறுபட்டது. மருந்தைக் காணும் முன்பே எதிர்ப்புச் செல்கள் பிறந்துவிட்டன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அன்று இல்லை. மருந்து வீரியம் இல்லாதது என்ற குற்றச்சாட்டுக்கும், உடம்பு பழகிவிட்டது என்ற விளக்கத்துக்கும் இதுவே முதல் மறுப்பு.

முன்பே இருக்கிறது என்றால், எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடலாம். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. ஒரு மருந்தை எதிர்க்கும் மாற்றம் 10 லட்சம் செல்லுக்கு ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சிறிய கட்டியிலேயே 1,000 எதிர்ப்புச் செல்கள் இருக்கும். வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்தால், இரண்டையும் எதிர்க்கும் செல் லட்சம் கோடியில் ஒன்றுதான். அப்படி ஒன்று இந்தக் கட்டியில் இல்லாமலே போகலாம். கட்டி ஆயிரம் மடங்கு பெருத்த பிறகு வந்தால் அந்த ஒன்றும் வந்து சேர்ந்திருக்கும். எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை, தர்க்கம் உண்மையானது. இன்னொரு கணக்கை 1964-இல் ஹோவர்ட் ஸ்கிப்பர் எலிகளில் காட்டினார். ஒரு வேளை மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் செல்களைக் கொல்வதில்லை, குறிப்பிட்ட விகிதத்தில் கொல்கிறது. 100 கோடியில் 99.9 சதவீதம் செத்தாலும் 10 லட்சம் மிஞ்சும். கையில் தட்டுப்படாத, ஸ்கேனில் தெரியாத அந்த 10 லட்சத்துக்காகத்தான் மீதி ஊசிகள். கட்டி கரைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறவர், மிகச் சாதகமான தருணத்தில் சண்டையைக் கைவிடுகிறார்.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் துணிச்சல் புற்றுநோய் மருத்துவத்துக்குத் தானாக வரவில்லை. காசநோய் அதற்கு வழிகாட்டியது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948-இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் முதலில் கிடைத்த வெற்றி, எதிர்ப்புக் கிருமிகளால் சில மாதங்களில் தேய்ந்தது. பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்ததும் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் கீமோதெரபி மையத்தைத் தொடங்கின. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும் மறு சாராருக்கு நெருக்கடியான தங்கள் வீட்டிலேயும் ஐசோநயாசிட், பாஸ் இரண்டையும் ஓராண்டு கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போகிறதா என்று அறியச் சிறுநீரைச் சோதித்தார்கள்; சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். 1959-இல் வெளியான முடிவில் சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 92, வீட்டில் 86. நல்ல சாப்பாடும் படுக்கையும் காற்றோட்டமும் தந்த கூடுதல் பலன் அவ்வளவுதான். பெரும் வேலையைச் செய்தவை சரியான கூட்டு மருந்தும், அது தவறாமல் போய்ச் சேர வைத்த ஏற்பாடும். எதிர்ப்பைத் தடுப்பது மருந்துக் குப்பிக்குள் முடிந்துவிடும் காரியம் அல்ல, அது ஒரு நிர்வாகக் கடமை என்பதை உலகுக்கு நிரூபித்த ஊர் சென்னை.

அமெரிக்காவில் எமில் ஃப்ரெய், எமில் ஃப்ரெய்ரைக் உள்ளிட்டோர் 1960-களின் தொடக்கத்தில் அதே தர்க்கத்தை ரத்தப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார்கள். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின், பிரெட்னிசோன் நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, சில குழந்தைகளிடம் நோய் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. வின்கிரிஸ்டின் நம் ஊர் வேலியோரங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. இந்தியாவில் இந்தப் பாடம் நடைமுறைக்கு வந்ததில் அடையாறுக்குப் பெரிய பங்கு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய நிறுவனம் அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1984 முதல் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டம் பின்பற்றப்பட்டது. நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அதற்கு முன் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதன் பிறகு 45 முதல் 60 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தில் இருந்த மருந்துகள் பெரும்பாலும் பழையவை. அவற்றைச் சேர்த்த விதம், வரிசை, நீண்ட காலம் விடாமல் கொடுத்தது, இடையில் வரும் தொற்றைச் சமாளித்தது ஆகியவைதான் உயிர்களை மீட்டன.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். மருந்துகளைச் சேர்த்தால் எதிர்ப்பு நடக்காது என்ற கணக்கு, ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கத் தனித்தனி மாற்றம் வேண்டும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஒரே மாற்றம் பல மருந்துகளை முறியடித்தால்? இந்தக் கேள்வியின் வரலாறும் காஞ்சிபுரத்தோடு ஓரிடத்தில் உரசிப் போகிறது. காஞ்சியில் பிறந்து முதலமைச்சரான அண்ணாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3-இல் அவர் மறைந்தார். அந்த மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவான ஸ்லோன் கெட்டரிங்கில் ஜூன் பீட்லர் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆக்டினோமைசின் என்ற ஒரே மருந்தைக் காட்டி வளர்த்த செல்கள், அதுவரை கண்டே இராத வேறு மருந்துகளையும் சேர்த்து எதிர்ப்பதை 1970-இல் அவர் வெளியிட்டார். 1976-இல் கனடாவில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் அதன் கருவியைக் கண்டார்கள்: செல்லின் சவ்வில் பொதிந்திருக்கும் பி-கிளைகோபுரதம். அது ஒரு பம்பு. சவ்வுக்குள் நுழையும் மருந்து மூலக்கூறைப் பிடித்து, செல்லின் ஆற்றலைச் செலவழித்து, வெளியே தள்ளிவிடும். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸெல் எனத் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகளை ஒரே பம்பு தள்ளும். லிங்கின் செல்கள் எதிர்த்த மருந்து கால்சிசின். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சு.

இந்தப் பம்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் குடலிலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அது இருக்கிறது; தின்னும் செடிகொடிகளின் நஞ்சு உடம்பில் தங்காமல் வெளியேற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. செடியின் நஞ்சை மருந்தாக்கி நாம் செலுத்தும்போது, அதே காவல் புற்றுச் செல்லையும் காக்கிறது. பம்பை அடைத்துவிட்டால் போதுமே என்று 1980-களிலிருந்து பல தடுப்பான்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை நோயாளிகளிடம் பலன் தரவில்லை: நல்ல உறுப்புகளின் பம்பும் சேர்ந்து அடைபட்டதால் நச்சு கூடியது, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவந்தது. செல்லுக்கு வேறு தப்பிக்கும் வழிகளும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் தாக்கும் நொதியை உருவாக்கக் கட்டளையிடும் மரபணுவையே செல் பெருக்கிக்கொள்வதை 1978-இல் ராபர்ட் ஷிம்கேயின் குழு காட்டியது. எதிர்ப்புச் செல்களில் அந்த மரபணு சுமார் 200 மடங்கு பெருகியிருந்தது. ஆக, ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. கூட்டு மருந்து எல்லா எதிர்ப்பையும் தடுத்துவிடாது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு என் வாதத்தை மேலும் உறுதியாக்குகிறது. பம்பு பெருகிய செல்லும் மரபணு பெருகிய செல்லும் எண்ணிக்கை சார்ந்தவைதான். செல்கள் குறைவாக இருக்கும்போது அவை பிறந்திருக்கும் வாய்ப்பும் குறைவு. இதைத்தான் 1979-இல் ஜேம்ஸ் கோல்டியும் ஆண்ட்ரூ கோல்ட்மனும் கணிதமாக எழுதினார்கள். கட்டி பெருத்து வந்த பிறகு பம்போடு போராடுவதைவிட, பம்பு பெருகிய செல் பிறப்பதற்கு முன் வந்துவிடுவது எளிது.

இரண்டாவது ஆட்சேபம் இன்றைய ஆராய்ச்சியிலிருந்து வருவது. எதிர்ப்பு முன்பே இருக்கிறது என்ற லாவின் முடிவு முழு உண்மை அல்ல. மருந்தும் எதிர்ப்பை உண்டாக்கும் என்பார்கள். சரிதான். மரபணு மாறாமலே, பிரிவதை நிறுத்தி உறங்கிக் கிடந்து மருந்தைத் தாண்டிவரும் செல்கள் உண்டு. வயலில் மேலே அறுத்த கோரை மண்ணுக்குள் கிழங்காக இருந்து மறுபடி முளைப்பதுபோல, மருந்து நின்றதும் இவை தலைதூக்கும். அந்த அவகாசத்தில் நிலையான மரபணு மாற்றமும் ஏற்பட்டுவிடலாம். டிஎன்ஏவைத் தாக்கும் சில மருந்துகள் தாங்களே புதிய மாற்றங்களை விதைக்கும். ரத்தப் புற்றுநோய் திரும்பிய குழந்தைகள் சிலரிடம், மெர்காப்டோப்யூரினைச் செயலிழக்கச் செய்யும் மரபணு மாற்றங்கள் 2013-இல் அடையாளம் காணப்பட்டன. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு: ஓர் ஊசிகூடத் தவறாமல் முடித்தவர்களுக்கும் நோய் திரும்பலாம். ஆகவே மருந்து கேட்காமல் போனதற்கு நோயாளியின் அலட்சியமே காரணம் என்று யாராவது சொன்னால், அது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது. காசநோய்க் கிருமிபோல இந்த எதிர்ப்பு இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நான் சொல்ல வருவது அளவானது: எதிர்ப்பின் பல காரணங்களில் மனிதர்கள் கையில் இருப்பவை இரண்டுதான், தாமதமும் இடைவெளியும். கையில் இருப்பதைச் செய்யாமல் மற்றவற்றுக்கு விதியைக் குறை சொல்லக் கூடாது.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, இந்தப் பழைய கணக்கு எதற்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தபோது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றின் போக்கே மாறியது. லட்சக்கணக்கானோர் அதனால் வாழ்கிறார்கள். ஆனால் மருந்து போய்ப் பொருந்தும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே அது பலிக்காது என்பதும் அதே 2001-இல் கண்டறியப்பட்டது. குறி தப்பாமல் தாக்கும் மருந்துக்கும் மிஞ்சுபவை உண்டு. அடுத்த தலைமுறை மாத்திரைகள் அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் துரத்துகின்றன. அந்தத் துரத்தலும் வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பழைய கணக்கின் சட்டம் மாறவில்லை. மருந்து எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், செல்களின் கூட்டம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வாய்ப்பு மிஞ்சுபவற்றுக்கு.

இனி வாலாஜாபாத்துக்கு வருவோம். இங்கே மருந்து தடைப்படுவதற்கான காரணங்கள் தறியோரத்தில் இருக்கின்றன. நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கோர்வைச் சேலைக்குத் துணை ஆள் இல்லாமல் தறி ஓடாது. வீட்டில் ஒருவர் படுத்தால் இருவரின் வேலை நிற்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி என்றால், போகிற நாள், ரத்த அணுக்கள் குறைந்து சோர்ந்து கிடக்கும் நாள்கள், கூடவே போகிறவரின் நாள் எல்லாம் கூலியிலிருந்து போகும். இதைவிட நுட்பமான ஒரு துன்பமும் உண்டு. வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்ஸெல் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைத் தாக்கி, விரல்களிலும் பாதங்களிலும் மரத்துப்போன உணர்வைக் கொடுக்கும். வேறு தொழில் செய்கிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அறுந்த பட்டு இழையை விரல் நுனியால் தேடி முடிச்சுப் போட்டு, குழிக்குள் கால் வைத்துப் பலகையை மிதிக்கிறவருக்கு அது தொழிலையே பறிப்பது. ஊசியை நிறுத்தலாமா என்று அவர் நினைத்தால் அதை அறியாமை என்று சொல்லக் கூடாது. அவர் போடும் கணக்கில் பிழை இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்கள்தான் பிழை. கூலி இழப்புக்கு ஈடு, போக்குவரத்துச் செலவு, மரத்துப்போவதை முன்கூட்டியே கேட்டறிந்து மருந்தின் அளவைச் சரிசெய்யும் மருத்துவர், தேதி தவறினால் வீடு தேடி வரும் செவிலியர் ஆகியவை அந்த எண்களை மாற்றும்.

இவையெல்லாம் தர்ம காரியமாக, சிகிச்சைக்கு வெளியே உள்ள உபகாரமாகப் பேசப்படுவதுதான் பெரும் தவறு. லாவின் எலிகளும் ஸ்கிப்பரின் கணக்கும் சென்னைக் காசநோய் மையத்தின் சிறுநீர்ச் சோதனையும் எம்சிபி 841-இன் விளைவும் ஒரே திசையில் கை காட்டுகின்றன: ஊசி தேதி தவறாமல் போடப்படுவது மருந்தின் வீரியத்தில் ஒரு பகுதி. மருந்துக்குச் செலவழித்துவிட்டு, நோயாளி கடைசி ஊசிவரை வர வழி செய்யாத அரசு, பாதி மருந்தை வாங்கியதற்குச் சமம். தமிழ்நாட்டுக்கு இது புதிய வேலை அல்ல. 1956-இல் சென்னையின் நெருக்கடியான வீடுகளுக்கு மாத்திரை போனது; 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டு போகிறது. அதே ஒழுங்கோடு, வாயில் ஆறாத புண்ணையும் மார்பில் தட்டுப்படும் கட்டியையும் தறி ஓடும் தெருக்களிலேயே தேடிப் பிடிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த எண்ணை வைத்து நாம் நம்மை அளந்துகொள்ளத் தொடங்கினால், மருந்து கேட்கவில்லை என்று சொல்லும் வீடுகள் குறையும். செல்லின் தந்திரங்களை முழுவதும் வெல்ல இன்னும் காலம் ஆகலாம். நம் தாமதத்தால் அதற்குக் கிடைக்கும் உதவியை நிறுத்துவதற்கு எந்தக் கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.